மூணுக்கு முதுகு கிடையாது

இஞ்சின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் வைத்திருந்த தகரத் தட்டில் கறுப்பு எண்ணெய் சொட்டியது. நான் காரின் கிராண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணாக வாசித்தேன். குணா அண்ணன் குனிந்து, டீசலில் நனைத்த துணியால் இஞ்சினின் முன்பக்கத்தைத் துடைத்துத் துடைத்து, அங்கே குத்தியிருந்த எண்களைத் திருப்பிச் சொன்னார்.

கிளாங்கில், காப்பார் சாலையை விட்டு உள்ளே திரும்பும் ஒரு சந்தில் அவருடைய பட்டறை. சனிக்கிழமைக் காலை. பக்கத்துக் கடையில் ரொட்டி சானாய் அடிக்கும் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அஞ்சு."

"அஞ்சு."

"ஏழு."

"ஏழு."

"மூணு."

குணா அண்ணன் அந்த இடத்தை மறுபடி துடைத்தார்.

"மூணு, அண்ணே."

"நல்லா பாத்து படி, தம்பி. இங்க எட்டு இருக்கு."

நன்றாகப் பார்த்துத்தான் படித்தேன். காகிதத்தில் மூன்று. இரும்பில் எட்டு. அதுவும் சரியான எட்டு இல்லை. வலப்பக்கம் ஆழமாக, இடப்பக்கம் மெலிதாக, பாதி விழுந்தும் விழாமலும் குத்தப்பட்ட எட்டு.

தெளிவாகத் தெரியட்டும் என்று பக்கத்தில் கிடந்த சேன்ட்பேப்பரை எடுத்தேன். குணா அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். இறுக்கிப் பிடித்தார்.

"அந்த நம்பர்மேல இத தேச்சேன்னு வையி, நாளைக்கு நீதான் திருடன்."

சேன்ட்பேப்பரைக் கீழே போட்டேன்.

கிராண்ட் என்று நாங்கள் சொல்வது காரின் பதிவுச் சான்றிதழை. இஞ்சின் எண், அடிச்சட்ட எண், சொந்தக்காரர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். அதில் இருக்கும் எண்ணும் இஞ்சினில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் கார் சோதனையில் தேறாது. அதோடு முடிந்தாலும் பரவாயில்லை. இந்த இஞ்சின் யாருடையது, எங்கிருந்து வந்தது என்று கேள்வி வரும். விசாரணை முடியும்வரை காரைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். அப்படிப் பிடித்து வைத்த கார்கள் கொட்டகையிலேயே செடி முளைத்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

குணா அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, பாலில்லாத ஐஸ் தேநீரான தேஓ ஐஸ் பாக்கெட்டில் ஸ்ட்ராவைக் குத்தினார்.

"இப்ப ஒனக்கு வேல ஈஸியா போச்சு," என்றார். "இஞ்சினையே மாத்திட வேண்டியதுதான்."

எட்டு சிலிண்டர்

கார் என் அப்பாவுடையது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இரண்டு கதவு வண்டி. நீளமான மூக்கு, அதற்குள் எட்டு சிலிண்டர். நான் பிறப்பதற்கு முன்பு, நாட்டை விட்டுப் போன யாரோ ஒரு வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போனது. இரண்டு மூன்று கை மாறி, கடைசியில் ஓடாமல் கிடந்ததை அப்பா தன் லோரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லையாம்.

அப்பா துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டியவர். பள்ளிக்கூடம் போனதில்லை. லோரியில் ஆறு நாள் உட்காரும் மனிதர், ஏழாவது நாளும் ஏதாவது ஒன்றை ஓட்ட ஆசைப்பட்டார். அவ்வளவுதான் காரணம்.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் பத்துமலைக்கு அதில்தான் போவோம். பின்சீட்டின் கறுப்புத் தோல் வெயிலில் சுட்டுத் தொடையில் ஒட்டும். இஞ்சின் சத்தம் காதில் கேட்பதைவிட வயிற்றில்தான் முதலில் கேட்கும். தமிழ்ப்பள்ளி வாசலில் அந்தக் காரிலிருந்து இறங்கும் நாட்களில் நான் யாரோடும் சண்டைக்குத் தயார்.

சாலைத் தடுப்புகளில் போலீஸ்காரர்களும் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் கையைக் காட்டுவார்கள். அப்பாவின் முகத்தையும் கார் மூக்கையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அப்பா சிரித்துக்கொண்டே லைசன்ஸை நீட்டுவார். பின்சீட்டில் நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

நான் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது ஒருநாள் இஞ்சின் தட்டத் தொடங்கியது. அப்பா அணைத்தார். வீட்டு முன்னால் தார்ப்பாய் போட்டு மூடினார். சாலை வரி காலாவதியாகிப் பல வருடம் ஆகிவிட்டதால், மறுபடி சாலைக்கு வரவேண்டுமானால் முழுச் சோதனை. அப்போதுதான் எண்ணைப் பார்ப்பார்கள். அதுவரை, நாங்கள் வைத்திருந்த இத்தனை வருடத்தில் யாரும் அதைப் பார்த்ததில்லை. எண்ணெய்ப் பிசுக்கு கவசம் மாதிரி மூடியிருந்தது.

போமன்

சென்ற வாரம் இந்தப் பத்தியில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய என் மெட்ரிகுலேஷன் விடுதி நாட்களை எழுதியிருந்தேன். அதைப் படித்த காஜாங் வாசகி ஒருவர், "குடும்பத்தில் முதன்முதலாகப் படித்த பிள்ளை, பங்சாரில் நல்ல ஆபீஸ் வேலை, பிறகு ஏன் தம்பி கார்ப் பட்டறையில் கிடக்கிறீர்கள்?" என்று எழுதிக் கேட்டிருந்தார். அக்கா, பதில் கொஞ்சம் நீளம்.

எங்கள் பக்கத்தில் மெக்கானிக்கைப் போமன் என்பார்கள். ஃபோர்மன் என்ற ஆங்கிலச் சொல் மலாய்க்காரர் வாயிலும் நம் வாயிலும் உருண்டு அப்படி ஆனது. சின்ன வயதில் எனக்கு அது தெரியாது. போமன் என்பதே ஆங்கிலம் என்று நினைத்திருந்தேன். பல்கலைக்கழக நேர்காணலில், சிறு வயதில் என்னவாக ஆசைப்பட்டாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, "ஐ வான்டட் டு பி எ போமன், சார்" என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஒருவருக்கும் புரியவில்லை. நடுவில் இருந்த மலாய்க்காரப் பேராசிரியருக்கு மட்டும் இரண்டு விநாடி கழித்துப் புரிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

இடம் கிடைத்துவிட்டது. ஆனால் வேலைக்கு வந்த பிறகு நான் வரைவது கட்டடங்களின் குளிர்சாதனக் குழாய்கள். இஞ்சினை நான் புத்தகத்தில்தான் திறந்திருக்கிறேன். குணா அண்ணன் என்னை 'இஞ்சினியர் சார்' என்று கூப்பிடும்போதெல்லாம் இதைத்தான் குத்திக் காட்டுவார்.

அதனால் இந்தத் தடவை நானே அளந்தேன். எட்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் மேலே, நடுவில், கீழே. ஆறாவது சிலிண்டர் மோசம், இரண்டாவதும் கீறியிருந்தது. மற்றவை பரவாயில்லை. சிவப்புச் சாயம் தெளித்துத் துடைத்துப் பார்த்ததில் பிளாக்கில் விரிசல் எங்கேயும் இல்லை. துளைகளைக் கடைந்து, ஒரு சுற்றுப் பெரிய பிஸ்டன் போட்டால் இன்னொரு ஆயுசு ஓடும். பிஸ்டன் ஆஸ்திரேலியாவிலிருந்து வரவேண்டும், நாளாகும்.

இன்னொரு வழி, ஹாஃப்கட். ஜப்பானில் பழைய கார்களைப் பாதியாக அறுத்து, இஞ்சின் இருக்கும் முன்பாதியை மட்டும் கப்பலில் அனுப்புவார்கள். கிளாங்கில் அப்படிப்பட்ட பாதிக் கார்கள் அடுக்கடுக்காக நிற்கும் கிடங்குகள் உண்டு. குணா அண்ணன் என்னை ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அதிலும் எட்டு சிலிண்டர். கியர்பாக்ஸோடு, ஒயரோடு, கம்ப்யூட்டரோடு, துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சாவியைத் திருப்பினார்கள். சத்தமே இல்லாமல் ஓடியது.

"ரெண்டு வாரத்துல ஏத்திருவேன்," என்றார். "ஏர்கோன் ஜில்லுன்னு வரும். பெட்ரோல் பாதி. வந்த காயிதம் கரெக்டா இருக்கு, அந்த நம்பரையே கிராண்ட்ல ஏத்திடுவாங்க. மூணும் இல்ல, எட்டும் இல்ல. தகராறே முடிஞ்சுது லா."

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஆனால் ஒன்று மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. நம் இஞ்சினைத் தூக்கிப் பழைய இரும்புக்குப் போடவேண்டும். கெட்டுப்போனதற்காக இல்லை. யாரோ தப்பாக எழுதியதற்காக.

இந்த மாதிரி நான் ஏற்கெனவே ஒருமுறை செய்திருக்கிறேன்.

அருகம்புல்

என் அப்பாவின் பெயர் ஆறுமுகம். அவருடைய அடையாள அட்டையில் அப்படி இல்லை. தாத்தா தோட்டத்திலிருந்து நடந்துபோய்ப் பதிந்தபோது எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ, ஆங்கில எழுத்தில் எழுதும்போது நடுவில் ஒரு 'மு'வை விட்டுவிட்டார். அருகம். தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. எழுதிக் கொடுத்ததை மடித்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

முருகன் பெயரைக் கொண்டுபோய் அவனுடைய அண்ணன் பிள்ளையாருக்குப் புல்லாகப் போட்டுவிட்டார் அந்தக் குமாஸ்தா.

நான் பிறந்தபோது ஆஸ்பத்திரிக் கவுன்டரில் ஒரு தமிழக்கா இருந்திருக்கிறார். அப்பா சொன்ன பெயரைக் கேட்டு அவர் சரியாக எழுதிவிட்டார். தினேஷ், தகப்பன் பெயர் ஆறுமுகம். பன்னிரண்டு வயதில் எனக்கு அடையாள அட்டை எடுக்கப் போனோம். கவுன்டரில் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இந்தப் பிள்ளையின் தகப்பன் ஆறுமுகம். வந்திருக்கும் நீங்கள் அருகம். இவனுடைய அப்பா எங்கே?

அப்பா சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

அப்பாவின் பெயரைத் திருத்த நிறைய காகிதம் வேண்டும், தாத்தாவின் காலத்துக் காகிதம்கூட வேண்டும் என்றார்கள். என்னுடையதைத் திருத்துவது சுலபம். "சின்னப் பையன்தானே, அவனோடத மாத்திடுங்க," என்றார் அப்பா. மாற்றினார்கள். சரியாக இருந்ததை எடுத்துவிட்டுத் தப்பாக இருந்ததை வைத்தோம். இரண்டு காகிதமும் ஒத்துப்போனது.

இடைநிலைப் பள்ளியில் நான் அருகம்புல். பிறகு வெறும் புல். பட்டமளிப்பு விழாவில் மேடையில் என்னைக் கூப்பிட்டபோதும் தினேஷ் அருகம்தான். அப்பா கீழே உட்கார்ந்து கைதட்டினார். கேட்டவர்களிடமெல்லாம், "நம்ம பேருதான், கொஞ்சம் தேஞ்சு போச்சு," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மாத்திடு லா

ஹாஃப்கட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அம்மா சமையலறையில் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தார். அப்பா நாற்காலியில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். குணா அண்ணன் சொன்னதையே அவரும் சொன்னார், இன்னும் சுருக்கமாக.

"மாத்திடு லா. புது இஞ்சின், புது நம்பர். ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான்."

"ப்பா, இஞ்சின் நல்லா இருக்கு. கட்டிறலாம். காயிதம்தான் தப்பு."

"காயிதத்துகிட்ட போயி சண்ட போடுவியா?"

கார் பிடிபட்டால் தன் பெயரில்தான் பிடிபடும், கேள்வி தன்னைத்தான் கேட்பார்கள், இந்த வயதில் அங்கே இங்கே போய் உட்கார முடியாது என்றார். அதிலும் நியாயம் இருந்தது. அதுதான் என்னை இன்னும் சூடாக்கியது.

"என் பேர் விஷயத்துல எது தப்பா இருந்துச்சு, நாம எத மாத்தினோம்?"

கேட்டுவிட்டேன். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. அப்பா தைல பாட்டிலின் மூடியை மெதுவாகத் திருகி, எழுந்து, வெளியே போய்த் தார்ப்பாய் இல்லாமல் வெறுமையாக இருந்த கார் நிறுத்தும் இடத்தில் நின்றார். வண்டிதான் பட்டறையில் இருந்ததே. அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

அம்மா என்னைத் திட்டினார். அப்பாவுக்கு மனசு கஷ்டப்படும்படி பேசக்கூடாது என்றார். கொஞ்ச நேரம் கழித்து, நெத்திலித் தட்டை மேசையில் வைத்துவிட்டு, "கேட்டதுல தப்பில்ல, கேட்ட விதம்தான் தப்பு," என்றும் சொன்னார்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

கேட்டில் நின்ற லோரி

ஒரு பழைய கதையை இங்கே சொல்லவேண்டும். அப்பாவுக்கு எழுத்து தெரியாதே தவிர எண் நன்றாகத் தெரியும். கன்டெய்னர் ஓட்டுகிறவருக்கு எண்தான் எல்லாம். பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணும் கையில் இருக்கும் தாளும் ஒன்றாக இருக்கவேண்டும்.

ஒருமுறை ஓர் எண் மாறியிருந்தது. ஒரே ஓர் எண். அப்பா லோரியைத் துறைமுக கேட்டிலேயே நிறுத்திவிட்டார். மேற்பார்வையாளர் வந்து, பரவாயில்லை எடுத்துக்கொண்டு போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அப்பா இஞ்சினை அணைத்தார். பின்னால் லோரிகள் வரிசை கட்டின. ஹார்ன் அடித்தார்கள், தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் திட்டினார்கள். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்து நாசி லெமாக் சாப்பிட்டாராம். கடைசியில் ஆபீஸிலிருந்து ஒருவர் வெயிலில் நடந்துவந்து தாளைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து லோரிக்காரர்கள் மத்தியில் அவருக்கு நம்பர் ஆறுமுகம் என்று பெயர். சரியான பெயர் அவருக்கு அங்கே மட்டும்தான் கிடைத்தது.

கட்டை விரல்

அடுத்த சனிக்கிழமை நான் பட்டறையில் இருந்தேன். குணா அண்ணன் என் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். ஹாஃப்கட் கிடங்குக்காரர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார், வேறு ஆள் கேட்கிறான் என்கிறார், இன்று சொல்லிவிடு என்றார்.

அப்போது அப்பாவின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. என்னிடம் பேசவில்லை. குணா அண்ணனிடம், "நம்பர் எங்கருக்கு?" என்றார்.

காட்டினார். அப்பா கண்ணாடி கொண்டுவரவில்லை. குனிந்து, கட்டை விரலை வைத்து, அந்த எண்ணின்மேல் மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை தடவினார். கண்ணை மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"எட்டு," என்றார்.

"நாங்களும் அதான் சொல்றோம், அங்கிள்," என்றார் குணா அண்ணன். "ஆபீஸ்காரன்தான் மூணுங்கிறான்."

"மூணுக்கு முதுகு கிடையாது. இதுக்கு இருக்கு, மெல்லிசா. தொட்டுப் பாரு." குணா அண்ணனின் விரலை இழுத்து அதன்மேல் வைத்தார். "இத மூணுன்னு எழுதினவன் தொட்டுப் பாக்கல. தூரத்துல நின்னு எழுதிட்டுப் போயிட்டான்."

பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"நம்பர் திருத்துற ஃபாரம் எங்க?"

பிரிக்ஃபீல்ட்ஸ் மாடிப்படி

சொந்தக்காரர் அப்பா. அதனால் எண்ணில் பிழை இருக்கிறது என்று சத்தியப் பிரமாணமும் அவர்தான் செய்யவேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு மேலே, குறுகலான மாடிப்படி ஏறினால் ஒரு சத்தியப் பிரமாண ஆணையர் அறை. அப்பா ஒவ்வொரு படியாக முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மல்லிகை வாசனை மேலே வரைக்கும் வந்தது.

ஆணையர் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். இங்கே ஆட்களுக்குப் பெயர் திருத்தத்தான் வருவார்கள், இஞ்சினுக்கு யாரும் வந்து பார்த்ததில்லை என்றார். அப்பா, "அது வாயில்லாத பொருளு சார், அதுக்கு நாமதான் வரணும்," என்றார்.

அப்பா கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்து எழுத்து இல்லை, ஓவியம். அடையாள அட்டையைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகியது. A, R, U, G, A, M. எண்ணினால் ஆறு வருகிறது. முகம்தான் இல்லை. கடைசி எழுத்தை முடித்ததும் பேனாவை எடுக்காமல் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆணையர் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

கீழே இறங்கியதும் குணா அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"கடைஞ்சிருங்க, அண்ணே."

"ஆபீஸ்ல எட்டுன்னு ஒத்துக்கலன்னா? கட்டின இஞ்சின வச்சுக்கிட்டு என்ன செய்வ?"

"ஒத்துக்குவாங்க."

"ஒத்துக்கலன்னா?"

"வீட்டு வாசல்ல வச்சு ஓட்டுவேன். அப்பவும் அது எட்டுதான்."

அவர் மறுமுனையில் பெருமூச்சு விட்டார். "இஞ்சினியர் சார் முடிவு பண்ணிட்டாரு," என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

ஒட்டுத்தாள்

மாதங்கள் போயின. துளைகளைக் கடைந்தார்கள். பிஸ்டன் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் போனேன். நகத்தடியில் கறுப்பு ஏறியது, திங்கட்கிழமை ஆபீஸில் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்வேன். பிறகு ஒரு திங்களிலிருந்து மேலேயே வைத்தேன்.

முதல் தடவை இஞ்சின் பிடித்தபோது ரொட்டி சானாய்க் கடையில் அடிக்கும் சத்தம் நின்றது. கையில் மாவோடு கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். அந்தப் பழைய சத்தம் எனக்கு முதலில் வயிற்றில்தான் கேட்டது. குணா அண்ணன் காதைச் சாய்த்து ஒரு நிமிடம் கேட்டார். ஹாஃப்கட் இன்னும் நல்லாத்தான் ஓடியிருக்கும் என்று சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது பானட்டைத் தட்டிக் கொடுத்தார். நான் பார்த்தேன்.

சோதனை நாளன்று ஓர் அதிகாரி டார்ச் அடித்து எண்ணைப் பார்த்தார். கிராண்டைப் பார்த்தார். மறுபடி எண்ணைப் பார்த்தார். பூதக்கண்ணாடி எடுத்து, யாராவது தேய்த்திருக்கிறார்களா, மேலே குத்தியிருக்கிறார்களா என்று வெகுநேரம் தேடினார். நல்லவேளை, குணா அண்ணன் அன்று என் கையைப் பிடித்தார்.

பிறகு மெல்லிய ஒட்டுத்தாளை எண்ணின்மேல் அழுத்தி, பென்சிலால் லேசாகத் தேய்த்தார். எண் ஒவ்வொன்றாகத் தாளில் ஏறியது. அந்த எட்டு வரும் இடம் வந்தபோது நான் குனிந்து பார்த்தேன். வலப்பக்கம் கறுப்பாக வந்தது. இடப்பக்கம் நூல் மாதிரி ஒரு கோடு. முதுகு.

இத்தனை சிரமத்துக்கு வேறு இஞ்சின் போட்டிருக்கலாமே, எல்லோரும் அதைத்தானே செய்கிறார்கள் என்று மலாயில் கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார்.

"இஞ்சின்ல தப்பில்ல, துவான்," என்றேன். "தப்பு காகிதத்துல."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அப்பா என்னைப் பார்த்தார். ஆனால் என் சட்டையைப் பிடித்து இழுக்கவில்லை. பன்னிரண்டு வயதில், அடையாள அட்டைக் கவுன்டரில் நான் வாயைத் திறந்தபோது இழுத்திருந்தார். அதிகாரி ஒட்டுத்தாளை ஃபைலில் ஒட்டினார். காத்திருங்கள் என்றார்.

கவுன்டர்

மூன்று வாரம் கழித்துத் தகவல் வந்தது. எண் திருத்தப்பட்டுவிட்டது, சொந்தக்காரர் நேரில் வந்து புது கிராண்டை வாங்கிக்கொள்ளலாம்.

காரில்தான் போனோம், குணா அண்ணன் வாங்கிக் கொடுத்த தற்காலிக அனுமதித் தாளோடு. அப்பாதான் ஓட்டினார். கூடத்தில் வரிசை வரிசையாக நாற்காலி, நல்ல கூட்டம். கவுன்டரில் இருந்த மலாய்ப் பெண்மணி ஒலிபெருக்கியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அருகம்."

நான் எழுந்தேன். அப்பா என் சட்டையைப் பிடித்தார்.

"உக்காரு. யாரையோ கூப்பிடுறாங்க."

எனக்குப் புரியவில்லை. அவருக்குக் காது மந்தமாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"அருகம். என்சிக் அருகம்." இந்த முறை மரியாதையாகத் 'திரு' சேர்த்துக் கூப்பிட்டார்.

அப்பா மடியில் கையைக் கட்டிக்கொண்டு, யாரோ இன்னும் வரவில்லையே என்பதுபோல் சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்து நாற்காலிக்காரரும் திரும்பித் தேடினார். அப்போதுதான் எனக்கு அந்தத் துறைமுக கேட் நினைவுக்கு வந்தது. இஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

மூன்றாம் முறையும் கூப்பிட்டு முடித்த பிறகு எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கவுன்டர் வரைக்கும் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புது கிராண்ட் தயாராக இருந்தது. பெண்மணி அதைக் கண்ணாடிக்கு அடியில் நீட்டியதும், அப்பா முதலில் அதில் விரலை வைத்து எண்ணைப் பார்த்தார். எட்டு. தலையாட்டினார்.

பிறகு மலாயில் சொன்னார். "அருகம் இல்ல, புவான். ஆறுமுகம்."

பெண்மணி அடையாள அட்டையைப் பார்த்தார். அட்டையில் அருகம் என்றுதானே இருக்கிறது, அங்கிள், பெயரை மாற்றுவது வேறு இலாகா, நாங்கள் வாகனம் மட்டும்தான் பார்க்கிறோம் என்றார். பொறுமையாகத்தான் சொன்னார்.

"தெரியும், புவான்," என்றார் அப்பா. "ஆனா கூப்பிடுறது நீங்கதானே."

அந்தப் பெண்மணி அவரைப் பார்த்தார். பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். ஒரு கையால் வாயை மூடிச் சிரிப்பை மறைத்தார். பிறகு, ஆள் எதிரிலேயே நிற்கும்போது, ஒலிபெருக்கியை வாய்க்குப் பக்கத்தில் இழுத்து, அப்பா சொன்ன மாதிரியே ஒவ்வோர் எழுத்தாக, கூடம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

"ஆ. று. மு. கம்."

"சாயா," என்றார் அப்பா. நான்தான்.